மூன்றாவது அடையாளம்

பஸ்ஸில் எதையாவது விட்டுவிட்டு இறங்கியவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடத்தில் நான் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். பேருந்து நிலையத்தின் மாடியில், கழிப்பறைக்கும் ஓட்டுநர்களின் ஓய்வறைக்கும் நடுவே இருக்கிறது தவறிய பொருள் அலுவலகம். குடை, மூக்குக் கண்ணாடி, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, பல்செட், ஒருமுறை ஒரு மரக்கால். மரக்காலை மறந்தவர் பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் தேடி வரவும் இல்லை.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரே ஒரு விதிதான். மூன்று அடையாளம். பொருளை நாம் காட்டக் கூடாது, நாமாக வாயைத் திறந்து எதையும் சொல்லவும் கூடாது. கேட்டு வந்தவர் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அடையாளமாக மூன்று. கைப்பிடிக்குள் நூல் சுற்றியிருக்கும், உள் ஜேபி கிழிந்திருக்கும், அடியில் பேனா மை கொட்டியிருக்கும், இப்படி. மூன்றும் சரியென்றால் பொருள் அவருடையது. ரசீதில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இரண்டு சரி, ஒன்று தப்பு என்றால் தலைகீழாக நின்றாலும் கிடையாது. தொண்ணூறு நாள் வைத்திருப்போம். அதற்குள் யாரும் வராவிட்டால் கழிவுப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

நான் இதில் கறார். கெஞ்சினாலும் மிரட்டினாலும் என்னிடம் எதுவும் நகராது. அதனால் ஓட்டுநர்கள் எனக்கு வைத்த பெயர் சுங்கச்சாவடி. எனக்கு அந்தப் பெயர் உள்ளூரப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இல்லாவிட்டால் அங்கே ஒரு துரும்பும் அசையாது என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த நினைப்புதான்.

ஒரு நாள், முதுகில் மாட்டும் பெரிய பை ஒன்று வந்தது. முழுக்க மண். எந்த மலையில் ஏறி எந்த ஆற்றில் இறங்கி வந்ததோ. யாரும் கேட்கவில்லை. தொண்ணூறாம் நாள் கழிவுப் பட்டியலில் எழுத அதை எடுத்தபோது மண் வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்தவர்கள் ஊர் சுற்றி வந்த மண்ணைத் தட்டித் தட்டியே நாற்பத்திரண்டு வயதாகிவிட்டதே என்று இருந்தது. அன்றைக்கே ஆறு மாதச் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். நாலு மணி நேர ரயில் பயணத்தில், வண்டி இழுத்து ஓய்ந்த கழுதைகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று இருந்தது. தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பார்கள். பதிலுக்குக் குளம்பு சுரண்டிச் சாணி அள்ள வேண்டும்.

"படிக்கலைன்னா கழுதை மேய்க்கத்தான் போவேன்னு உங்கப்பா திட்டுவாராமே. மனுஷன் வாக்குப் பலிச்சிருச்சு," என்றார் என் கணவர்.

அவர் கணக்கு வாத்தியார். விடைத்தாள் கட்டுக்குள் தலையை விட்டாரென்றால் கூரை பறந்தாலும் தெரியாது. நான் மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றாலும் மூன்றாம் நாள்தான், "ஏதோ மாதிரி இருக்கியே," என்பார். அவரை ஒரு நாள் திட்டாமல் இருந்தால் எனக்குப் பல் தேய்க்காத மாதிரி இருக்கும். மகளுக்குப் பதினொரு வயது. அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"போயிட்டு வா. ஆனா நம்பர் மட்டும் மாத்தாத."

"அது ஆபீஸ் போன்டி. கொடுத்துட்டுத்தான் போகணும்."

அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அம்மா என்றால் அந்த அலுவலக எண்தான். பேருந்துகள் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் எண். புது எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

என் இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடையாளம் பார்த்தே காலம் தள்ளியவள் நான். எதிரே வருகிறவரின் காதுமடல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. அவளிடம் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மச்சமில்லை, தழும்பில்லை, தெற்றுப்பல் இல்லை. நடையிலும் ஒன்றுமில்லை, பேச்சிலும் ஒன்றுமில்லை. அவள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்ப்பேன்.

ஆனால் கெட்டிக்காரி. ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தாள். நான் வாயைத் திறந்தால் எழுத ஆரம்பித்துவிடுவாள். ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன். எந்த இழுப்பறையைக் காலால் உதைத்தால் திறக்கும், அதிகாரிக்கு எந்த நேரத்தில் கோப்பு நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், எல்லாம். "அக்கா, உங்க அளவுக்கு யாராலயும் முடியாதுக்கா," என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

காப்பகத்தில் முதல் நாளிலிருந்தே, சாயங்காலம் நாலு மணிக்கு அவள் போன் வரும்.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம்."

அந்த நேரம் நான் ஏதாவது ஒரு கழுதையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பதில் சொல்வேன். மற்ற தொண்டர்கள், "உங்க ஆபீஸ் உங்களை விடாது போலிருக்கே," என்பார்கள். "என்ன பண்றது, நான் இல்லன்னா அங்க நாறிரும்," என்று அலுத்துக்கொள்வேன். மனசுக்குள் தேன் சொட்டும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு கிழட்டுக் கழுதை என் இடது தோளைக் கடித்துவைத்தது. பிறை மாதிரித் தழும்பு விழுந்துவிட்டது. வெளியே தெரிந்தால் கணவர் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார் என்று மகளிடம் மட்டும் போனில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள்.

நாலு மணிக் கேள்விகள் மெல்ல வேறு மாதிரியாகின.

"அக்கா, ரசீதுல உங்க கையெழுத்து அழகா இருக்கே. எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

கீழிருந்து ஆரம்பிப்பேன், நடுவில் பேனாவை எடுக்க மாட்டேன், கடைசியில் இரண்டு புள்ளி வைத்து ஒன்றை அடித்துவிடுவேன் என்றேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் காலை காப்பகத்தின் வருகைப் பதிவேட்டைத் திறந்து பேனாவை வைத்தேன். கை நகரவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முந்தின நாள் வரைக்கும் போட்ட கையெழுத்துகள் வரிசையாக மேலே இருந்தன. பார்த்துப் பார்த்து வரைந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை அப்பா கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டது மாதிரி வந்தது. தூக்கம் சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கேட்டாள். "அக்கா, நீங்க எப்படிச் சிரிப்பீங்க? எல்லாரும் அதையே சொல்றாங்க. சுங்கச்சாவடி சிரிப்பு இல்லாம ஆபீஸே செத்துக் கிடக்குன்னு."

இதற்கெல்லாமா பதில் சொல்வார்கள்? நான் சொன்னேன். முதலில் மூக்கில் ஒரு சத்தம் வரும், அப்புறம் மூச்சு அடைக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும் என்று விளக்கமாகச் சொன்னேன். எதிர்முனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் கழித்து, காப்பகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர் கையை நீட்டி நீட்டி முழங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கழுதை அவர் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடியது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மூக்கில் சத்தம் வரவில்லை, மூச்சு அடைக்கவில்லை. பக்கத்தில் நின்றவள், "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்றாள்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். கையெழுத்துக்கு எத்தனை சொன்னேன்? மூன்று. சிரிப்புக்கு? மூன்று. பத்தொன்பது வருஷம் யாருக்கும் வாயைத் திறக்காதவள், கேட்கிற ஆள் புகழ்ந்தாள் என்பதற்காக என் சொந்தச் சாமான்களின் அடையாளங்களை நானே ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கும் நாலு மணிக்குப் போன் வந்தது. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் எடுத்தேன்.

"அக்கா, அன்னைக்குப் பேச்சுவாக்குல சொன்னீங்களே. வீட்டு வாசக்கதவு சாவியைத் திருப்பினா மட்டும் திறக்காது, முட்டியால ஒரு தள்ளு தள்ளணும்னு."

சொல்லியிருந்தேன். ஏதோ கதவைப் பற்றிய பேச்சில் வந்துவிட்டது.

"சமையக்கட்டுல முதல் ஸ்விட்ச் வேலை செய்யாது, மூணாவதைத்தான் போடணும்னும் சொன்னீங்க. வீட்டுக்கு எந்த பஸ்க்கா? எங்க இறங்கணும்?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்க்கா. வீடுன்னு தலைப்புப் போட்டு ரெண்டு எழுதிட்டேன். ஒரு கோடு காலியா இருக்கு."

தோளிலிருந்து நழுவி, போன் கழுதைகளின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. எடுத்துத் துடைத்தும் அது உயிர் பிழைக்கவில்லை. வீடு என்றால் அதற்குள் என் மகள் இருக்கிறாள். கையெழுத்தும் சிரிப்பும் போனால் போகட்டும், அவளை விட்டுக்கொடுக்க முடியாது. காப்பகத்துப் போனிலிருந்து கணவரை அழைத்து, நாளைக்கு வருகிறேன் என்றேன். "சரி சரி," என்றார். விடைத்தாள் புரளும் சத்தம் கேட்டது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு பேருந்து நிலையத்தில் நின்றேன். எங்கள் வீட்டுக்குப் போகும் பஸ் கிளம்புவதும் அங்கேதான், அலுவலகமும் அங்கேதான். முதலில் அந்த நோட்டைப் பிடுங்கிவிட வேண்டும் என்று மாடிக்குக் கிளம்பினேன். பின்பக்கப் படிக்கட்டடியில் எங்கள் காவலாளி அண்ணன் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் படிக்கட்டில் இருபத்தைந்து வருஷமாக ஏறி இறங்குகிறவர்.

"ஏம்மா, மாடிக்கு எப்படிப் போறது? தெரிஞ்சா சொல்லேன்," என்றார்.

"அண்ணே, படிக்கட்டு உங்க பக்கத்துலதான் இருக்கு."

"அப்படியா?" திரும்பிப் பார்த்தார். பார்த்தும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "புதுசா வந்த பொண்ணு ஒரு நாள் கேட்டுச்சு. பதினேழு படி, ஏழாவது உடைஞ்சிருக்கும், கம்பி ஆடும்னு சொல்லிக் கொடுத்தேன். அதுலேருந்து எனக்கு என்னமோ ஆயிருச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னை யாரென்றும் அவர் கேட்கவில்லை.

மேலே என் நாற்காலியில் அவள் இருந்தாள். கவுன்ட்டருக்கு வெளியே நான் நின்றேன்.

"சொல்லுங்க, என்ன தொலைச்சீங்க, எப்ப, எங்க?" மூச்சுவிடாமல் கேட்டாள். அது நான் கேட்கிற விதம்.

"நோட்டைக் கொடு."

"என்ன நோட்டு? அடையாளம் சொல்லுங்கம்மா." அக்கா இல்லை. அம்மா. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நான் அப்படித்தான் அழைப்பேன்.

"நீல அட்டை," என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. அதன் உள்ளே நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நீல அட்டை வெளியிலிருந்தே தெரிவது. அது கணக்கில் சேராது. உள்ளேயிருந்து அதிகாரி எட்டிப் பார்த்து, "என்ன சுங்கச்சாவடி, ஏதாவது தகராறா?" என்றார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் இறங்கி ஓட்டமும் நடையுமாக எங்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் அவள். கையில் நோட்டு, அலுவலக போன். நான் நின்றால் அவளும் நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பை நான் ஒதுக்குவது மாதிரியே ஒதுக்கிக்கொண்டாள். எங்கள் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. ஏறினால் அவளும் ஏறுவாள், வழியை நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடுத்ததும் வந்து போயிற்று. சாகும்வரை இங்கேயே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன்.

அப்போது அவள் மடியில் அலுவலக போன் அடித்தது. திரையில் என் வீட்டு எண்.

என் புது எண் எடுக்கவில்லையென்றால் மகள் எந்த எண்ணைப் போடுவாள்? பேச்சு வந்ததிலிருந்து போட்ட எண்ணைத்தான். நான் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! வந்துட்டியா?"

நோட்டுக்காரி சிரித்தாள். முதலில் மூக்கில் சத்தம், பிறகு மூச்சு அடைப்பு, பிறகு வாய். என் சிரிப்பு. "வந்துட்டேன்டி. இத்தனை நாள் கழுதையோட இருந்ததுல வழியே மறந்து போச்சு. எப்படி வரணும், சொல்லு பாப்போம்."

"போம்மா, விளையாடாத."

"நிஜமாத்தான். சொல்லு."

"சரி, சொல்றேன். பஸ் ஸ்டாண்டுலேருந்து..."

நோட்டு திறந்திருந்தது. வீடு என்ற தலைப்பு, இரண்டு வரி, ஒரு காலிக் கோடு. சொல்லிக் கொடுத்த காவலாளி படிக்கட்டைத் தொலைத்தார். சொல்லிக் கொடுத்த நான் கையெழுத்தைத் தொலைத்தேன். இப்போது சொல்லப் போவது என் மகள். பதினொரு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, தன் வீடு எது என்று தெரியாமல் தெருவில் நின்றால்? அப்படி ஆகாமலும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்க எனக்கு இன்னொரு மகள் இல்லை.

"சொல்லாத!" என்று கத்தினேன். "நீ சொல்லாதடி! கேட்டா யாருக்கும் சொல்லாத. நான் சொல்றேன். நான் சொன்னா எனக்குத்தான் மறந்துபோகும், பரவாயில்ல. நீ வாயத் திறக்காத!"

பிறகு நோட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பஸ்ஸின் எண். இறங்க வேண்டிய நிறுத்தம். எந்தச் சந்து, எந்தக் கைப் பக்கம், எத்தனையாவது வாசல், மாடி. ஒவ்வொன்றாக வெளியே போவது எனக்குத் தெரிந்தது. மாடி என்று முடித்தபோது எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்பதே மங்கிவிட்டது. போனில் மகள், "அம்மா? அம்மா, யாரு பேசறது, ரெண்டு குரல் கேக்குது," என்று அழுதாள். நோட்டுக்காரி போனை அணைத்தாள். கோட்டை நிரப்பினாள். அடுத்து வந்த ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அது எந்த எண் பஸ் என்று பார்த்தேன். பார்த்த எண் மனதில் நிற்கவில்லை. வீட்டோடு வீட்டுப் போன் எண்ணும் போயிருந்தது. மகளின் முகம் மட்டும் இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

காவலாளி அண்ணன்தான் என்னைக் கண்டெடுத்தார். பெஞ்சில் வெகுநேரமாகத் தனியாக இருக்கிறேன் என்று கைப்பிடித்து அழைத்துப் போனார். மாடிக்கு வழியை நான் காட்டினேன். அவள் மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் பதிவேட்டில் எழுதினாள்: பெண், ஒன்று, நிறுத்தத்தில் கிடந்தது. என் மணிக்கட்டில் சீட்டு கட்டினாள். சுருக்கு முடிச்சு. நான் சொல்லிக் கொடுத்த முடிச்சு.

பகலெல்லாம் கேட்டு வருகிறவர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் அலுவலகம் பூட்டியதும் கீழே பெண்கள் காத்திருப்பு அறையில் முடங்கிக்கொள்வேன். அவள் கொடுமைக்காரி இல்லை. டீ வாங்கிக் கொடுப்பாள். ஐந்தரைக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவாள். எந்த வீட்டுக்கு என்று எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்றுதான் தெரியாது. நாற்பதாம் நாள் எனக்குப் பக்கத்தில் இருந்த குடைகள் கழிவுக்குப் போயின. அறுபதாம் நாள் ஒரு தொட்டில் போயிற்று. ஆட்களைத் தொண்ணூறாம் நாள் எங்கே சேர்ப்பார்கள் என்று விதியில் இல்லை. நான்தான் அந்த விதிப் புத்தகத்தைப் படி எடுத்தவள், அதனால் நிச்சயமாகத் தெரியும். எனக்கு பயமாக இருந்தது. வேறு என்ன சொல்ல?

எண்பத்தொன்றாம் நாள் பிற்பகல் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறுமி வந்தாள். பள்ளிச் சீருடை. இரட்டைப் பின்னல், ஒன்று அவிழ்ந்திருந்தது. என் மகள். என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கவுன்ட்டருக்குப் போனாள்.

"ஸ்கூல் முடியலையேடி இன்னும்," என்றாள் அவள்.

"நான் ஒண்ணு தொலைச்சுட்டேன். கேட்டு வாங்கிட்டுப் போக வந்தேன்."

அவள் பதிவேட்டை இழுத்தாள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் யாராக இருந்தாலும் விதி ஒன்றுதான். நான் அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அது. "என்ன பொருள்?"

"எங்கம்மா."

"அடையாளம்?"

"இடது கால் சுண்டுவிரல்ல நகம் ரெண்டா இருக்கும்."

அவள் எழுந்து வந்து என் செருப்பைக் கழற்றச் சொன்னாள். குனிந்து பார்த்தாள். டிக் போட்டாள்.

"இடது தோள்ல கழுதை கடிச்ச தழும்பு. பிறை மாதிரி."

இது அவளுக்குத் தெரியாது. அவள் நோட்டில் இல்லாதது. ரவிக்கையை ஒதுக்கிக் காட்டினேன். அவள் விரலால் அந்தத் தழும்பைத் தொட்டாள். விரல் ஜில்லென்று இருந்தது. கொஞ்சம் பொறாமையோடு தொட்டதாகத்தான் எனக்குப் பட்டது. டிக் போட்டாள்.

"மூணாவது?"

மகள் வாயைத் திறந்து மூடினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் மச்சம் இருக்கிறது, பின்கழுத்தில் நரைத்த முடி ஒரு கற்றை இருக்கிறது, ஏதாவது ஒன்றைச் சொல் என்று உள்ளுக்குள் கதறினேன். ஆனால் எடுத்துக் கொடுத்தால் அவள் உரிமை கேட்டதே ரத்து. அதுவும் விதி. எத்தனை தாய்மார்களை, எத்தனை கிழவர்களை இதே பெஞ்சின் முன்னால் மூன்றாவதுக்காகத் தவிக்கவிட்டிருக்கிறேன். ஒருவருக்கும் நான் எடுத்துக் கொடுத்ததில்லை.

மகள் மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மாவுக்கு வீட்டுக்கு வழி தெரியாது."

நோட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் ஒன்றும் இல்லை. "தெரியாது," என்றேன்.

அவள் மூன்றாவது டிக்கைப் போட்டாள். ரசீதைக் கிழித்தாள். மகள் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் என் மணிக்கட்டுச் சீட்டைக் கத்தரித்தபோது, குரலை மென்மையாக்கிக்கொண்டு கேட்டாள். "இங்கேருந்து எங்க கூட்டிட்டுப் போகப் போற, கண்ணு?"

மகள் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பின்படிக்கட்டில் இறங்கினோம். ஏழாவது படியில் அவள் என்னைத் தாங்கிக்கொண்டாள். வெளியே வெயில். தெருக்கள் எல்லாம் எனக்குப் புதிதாக இருந்தன. அவள் வேகமாக நடந்தாள், அடிக்கடி திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட எப்படிடி சொன்ன?"

"நான் சொல்லல, யாருக்கும் சொல்லாதன்னு நீதானே கத்தின. அவரா கண்டுபிடிச்சார், முந்தாநாள். இவ இத்தனை நாள்ல ஒரு தடவைகூட என்னைத் திட்டலையேன்னு."

எண்பது நாள் ஆகியிருக்கிறது மனிதருக்கு. சிரிக்க வேண்டிய இடம். சிரிப்புதான் என்னிடம் இல்லை. அதை யார் கேட்டு வாங்கித் தருவார்கள் என்றும் தெரியவில்லை. மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா எங்க இருக்கார்?"

"காத்துக்கிட்டு இருக்கார். அந்த வீட்டுல இல்ல. அவங்களுக்குத்தான் வழி தெரியுமே."

"பின்ன எங்கடி போறோம்?"

அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். கவுன்ட்டருக்கு உள்ளேயிருந்து நான் எல்லோரையும் பார்த்த பார்வை அது.

"கேக்காதம்மா," என்றாள். "நான் யாருக்கும் சொல்லமாட்டேன்."